பேர் வெட்டியவை

மூன்று கோணி கொண்டுபோயிருந்தோம்.
எடுத்துப்போக, தானம் கொடுக்க, குப்பைக்கு என்று
குணசீலன் சாக்பீஸால் எழுதியும் வைத்தான்.
நாலாவது ஒன்று வேணும் என்றார் மங்களாம்பிகை.
"திருப்பிக் கொடுக்க."

வலங்கைமான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில்
முப்பத்தோரு வருஷம்
ஊரின் காதுக்குள் உட்கார்ந்திருந்தவர்.
இப்போது போகிற இடம் திருச்சி, உறையூர்.
மன்னார்குடி எக்ஸ்சேஞ்சில் இருந்த ரெஜினாவோடு
ஒற்றைப் படுக்கையறை வீடு.
டிரங்க் கால் நாளிலிருந்து வெறும் குரலாகப் பழகியவர்கள்
இனிமேல் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கப்போகிறார்கள்.
"உனக்கு ஒரு அலமாரிதான், சொல்லிட்டேன்"
என்று போனிலேயே கண்டிப்பாம்.

பரண்மேல் ஏறினாள் ரிஸ்வானா.
இறங்கியதில் பாதி இரவல்.
அரிக்கேன் விளக்கு, எழுபத்தேழு புயலுக்கு வாங்கியது.
தார்ப்பாய், கஜாவுக்கு.
இடையில் குடமுருட்டி ஏறிய வருஷங்களுக்கெல்லாம்
ஒரு குடை, ஓர் ஏணி, ஒரு பம்ப் ஸ்டவ்.
கரை தட்டுகிற ராத்திரியில்
கைக்குக் கிடைத்ததைக் கொடுத்துக்கொள்கிற ஊர்.
வடிந்த பிறகு யார் கணக்குப் பார்த்தது?

எவர்சில்வர் கணக்கு வைத்திருந்தது.
விளிம்பில் வெட்டியிருந்த பேர்களை
ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் படித்தோம்.
அ.மு.ஹபீபுல்லா. ஞா.ஆரோக்கியம்.
சரஸா கல்யாணம் 12.6.68.
படிக்கப் படிக்க அவர் எண் சொன்னார்.
"நாப்பத்தேழு. மில்லு வீடு."
"ஒம்போது. மருந்துக்கடை."
"பன்னெண்டு. பாவம், பன்னெண்டு."
ஏன் பாவம் என்று சொல்லவில்லை.

மூடியில்லாத அடுக்கு ஒன்றைக்
குப்பைக் கோணியில் போட்டேன்.
எடுத்து, துடைத்து, என் கையிலேயே கொடுத்தார்.
அப்புறம்தான் அந்தச் சட்டம் வந்தது:
"வெறும் பாத்திரமா கொடுக்கக் கூடாது."

அடுக்கில் புளி. தூக்கில் உளுந்து.
சட்டியில் மோர்மிளகாய்.
சாமான் அறை அப்படித்தான் காலியானது.
டி.வி.எஸ் ஐம்பதில்
நானும் குணசீலனும் ஏழு நடை.

நாற்பத்தேழில் பேரன் வந்தான்.
தாத்தா பேரைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்தான்.
உள்ளே போய்ப் புளியைக் கொட்டிக்கொண்டு
நார்த்தங்காய் போட்டு
அடுக்கையே திரும்ப நீட்டினான்,
"அம்மா சொன்னாங்க, வெறுமனே அனுப்பக் கூடாதாம்."
ஒன்பதிலும் அதே கதை.
மாதா கோயில் தெருவில் தூக்கோடு ஒரு பூசணிக்காயும்.

மத்தியானம்
கொண்டுபோனதைவிடக் கூடுதலாகக்
கொண்டுவந்து இறக்கினோம்.
அவர் இடுப்பில் கை வைத்து எங்களைப் பார்த்தார்.
"இப்படித்தாண்டா சேந்துச்சு அத்தனையும்.
கொடுத்துட்டு நிக்காம வாங்க. ஓடி வந்துடுங்க."

மிச்ச நடையெல்லாம்
வாசலில் வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு,
திருடர்கள் மாதிரி வண்டியைக் கிளப்பினோம்.
ஒருத்தர் முக்குவரை துரத்தி வந்தார்,
கையில் வாழைப்பூ.

பன்னிரண்டு மட்டும் இல்லை.
அந்த இடத்தில் செல்போன் கடை.
கடைப் பையனுக்கு அந்தப் பேரே தெரியவில்லை.
ரீசார்ஜா என்று கேட்டான்.

ஐந்து மணிக்கு மினி லாரி வந்தது.
ஓர் அலமாரிக்கு மேல் ஒரு கரண்டி கிடையாது.
அரிக்கேன் விளக்கு மட்டும் எப்படியோ
மெத்தைக்குள் சுருட்டிக்கொண்டு ஏறிவிட்டது.
நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

திரும்பி வந்த பன்னிரண்டாம் எண் சொம்பைக்
கழுவிக் கவிழ்த்து நிமிர்த்தினார்.
போட எதுவுமில்லை.
ரிஸ்வானா அறையைப் பெருக்கியே முடித்திருந்தாள்,
உப்பு ஜாடிகூட லாரியில்.

ஒரு நிமிஷம் நின்றார்.
இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து
சொம்புக்குள் போட்டார்.
"வீட்டுக்காரர் கிட்ட சேத்துடு."

சொம்பு?

"அது உங்கிட்ட இருக்கட்டும்.
யாராவது கேட்டு வந்தா குடு."

லாரி பாலம் ஏறும்வரை நின்றுவிட்டு
நானும் கிளம்பினேன்.
ஹேண்டில்பாரில் சொம்பு.
வேகத்தடைக்கு வேகத்தடை
உள்ளே மணியடித்துக்கொண்டே வந்தது சாவி.